லோகநாயகியின் கைராசித் தண்ணீர்

எனக்குக் கோலம் போட வராது, ஐயா. குழம்பு வைத்தால் வீட்டுக்காரரே முகம் சுளிப்பார். ஆனால் உப்பையும் சர்க்கரையையும் ஆறிய வெந்நீரில் கலக்கச் சொல்லுங்கள், சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் இந்த லோகநாயகியை மிஞ்ச ஆளில்லை.

எழுபத்தெட்டில் செங்கல்பட்டிலிருந்து வந்த நர்ஸ் ஜெசிந்தா கற்றுக்கொடுத்தது அது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். ஊற்றினால்தானே ஒழுகும் என்று ஒரு கணக்கு. நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். போகிற தண்ணீரைப் போகப் போகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது என்றார். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதாம். "எல்லா வீட்டுக்கும் சொல்லிக்குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நான் சொல்லவில்லை. முதலில் மறதிதான். அதற்குள் காசியம்மாளின் பேரன் என் தண்ணீரைக் குடித்து எழுந்து ஓடினான். அவள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கருவாடு விற்றவளை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பாவும்?

பக்கத்து வீட்டுக் குப்பம்மா, "இன்னாக்கா கலக்குறே, எனக்கும் சொல்லேன்" என்றாள்.

"சொன்னா பலிக்காதுடி. கைராசி" என்றேன். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று கொஞ்சம் ஏலக்காயும் தட்டிப் போட்டேன்.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. ஊரில் எல்லாருக்கும் வயிறு நன்றாகிவிட்டது. ஒன்பது மாதம், ஐயா. எதைத் தின்றாலும் செரித்துத் தொலைத்தார்கள். என்னைப் பார்த்தால் மறுபடியும் கருவாட்டு விலை கேட்டார்கள். உங்கள் காக்கிச் சட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். வீட்டுக்கு வீடு குடத்தில் கொண்டுவந்து கோயில் அண்டாவில் ஒன்றாக ஊற்றுவது வழக்கம். எது யார் வீட்டுக் கூழ் என்று அந்த ஆத்தாளுக்கே தெரியாது. பேதியாவதற்கென்று திருக்கழுக்குன்றத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி என் குடத்தில் இருந்தது. முழுப் பொட்டலமும் கரைந்திருந்தது.

உச்சிவேளையில் நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே. ஊர்த் தலைவர் பூவராகவன் பேச்சைப் பாதியில் விட்டு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்கு ஓடினார். பின்னாலேயே பூசாரி. பழைய கோட்டைச் சுவருக்குப் பின்னால் இடம் பிடிக்கச் சண்டை. "அண்ணாத்த, சீக்கிரம் எழுந்துக்கோ, பேஜாரா கீது" என்று ஒரு குரல். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலித்தது. கொஞ்ச நேரத்தில் என் வாசலில் அறுபது பேர். எந்தப் பக்கம் திரும்பினாலும் டாக்டரம்மா, டாக்டரம்மா. கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

குப்பம்மா தன் மூன்று வயதுப் பிள்ளை தேசப்பனைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தாள். "அசையாம கீறான்கா. உன் தண்ணிதான் குடுக்கணும்னு வூட்டுல ஒரு சொட்டு குடுக்கல" என்றாள். பிள்ளைக்குக் கண் குழிந்திருந்தது. வயிற்றில் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு அப்படியே நின்றது. நர்ஸம்மா சொன்னது சொன்னபடி இருந்தது.

அவனைக் கடைசியில் வைத்தேன். ஓடியாடுகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதில் என்ன பெருமை? எல்லாரும் தேறி எழுந்து சுற்றி நிற்கும்போது, பேச்சு மூச்சில்லாதவனைக் கண் திறக்க வைத்தால் ஏழு தலைமுறைக்கும் ஊர் பேசும். குப்பம்மா கெஞ்சவில்லை. படியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பும் சர்க்கரையும் அவள் அடுப்படியிலேயே இருந்தன.

ஆமாம் ஐயா, கூழில் கலந்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அறுபது பேரில் ஐம்பத்தொன்பது பேரைப் பிழைக்க வைத்ததும் நான்தான் என்று அதற்குக் கீழேயே எழுத வேண்டும். அந்தப் பிள்ளை இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் என் பேருக்கு ஒரு குறையும் வந்திருக்காது.