பதில் சொல்வதற்கு முன்னால்

எனக்கு யோசித்துப் பேசும் பழக்கம். "இவர்கிட்ட காபி வேணுமான்னு கேட்டா, பதில் வர்றதுக்குள்ள பால் பொங்கி வழிஞ்சிடும்" என்று என் மனைவி சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்வாள். அதற்கு அதிகமாகச் சிரித்தவர் என் தங்கையின் கணவர்தான்.

துக்கம் விசாரிக்க வந்த நீங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதால் சொல்கிறேன். பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தருவது உங்கள் தொழில். அவரைப் பற்றி என்னிடம் போனில் விசாரித்ததும் நீங்கள்தான். பாதிக் கதை உங்களுக்கே தெரியும்.

மாப்பிள்ளை என் கம்பெனியிலேயே எனக்கு மேலே இருந்தார். எல்லாத் தொழிற்சாலைகளும் அவர் பொறுப்பு. எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவரே. அதை ஒருநாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம், அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. எங்கே போனாலும் நான் அவருடைய மச்சான், அவ்வளவுதான்.

கம்பெனி கைமாறியபோது அவர் பதவி போனது. என்னுடையது யார் கண்ணிலும் படாத நாற்காலி, தப்பித்தது. அதற்குப் பிறகு சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். செருப்பைக்கூட ஓசையில்லாமல்தான் கழற்றுவார். "மச்சான், நான் எங்க சறுக்குறேன்? உள்ளதைச் சொல்லுங்க" என்பார். அத்தனை வருஷத்தில் அவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அப்போதுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரிடம் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்டதும் என் பெயரைக் கொடுத்தார். "உறவுதான், ஆனா எதையும் மறைக்க மாட்டார்" என்றாராம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நல்லதாகவே சொன்னேன். அத்தனையும் உண்மை. கடைசியாகக் கேட்டீர்கள்: "மறுபடியும் அவருக்குக் கீழ வேலை பார்ப்பீங்களா?"

அன்று நிஜமாகவே யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது கேட்டைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, "நிச்சயமா" என்றேன். நீங்கள் "ம்" என்றீர்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் நின்றிருந்தது.

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. சொந்த மச்சானே தயங்கினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நீங்க இல்லேன்னா ஒடைஞ்சு போயிருப்பேன் மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த தடவை நீங்கள் கூப்பிட்டபோது ஜன்னலுக்கு வெளியே கார் எதுவும் இல்லை. இருந்தாலும் அதே நேரம் எடுத்துக்கொண்டேன். மற்ற நிறுவனங்கள் கூப்பிட்டபோதும் அப்படித்தான். அவரைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. வேண்டுமானால் எல்லாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பி வருவார். தலைக்கு மை அடித்துக்கொள்ள ஆரம்பித்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் நேர்காணலுக்கு ஒத்திகை பார்ப்போம். நான்தான் கேள்வி கேட்பேன். "டக்குனு பதில் சொல்லுங்க மாப்ள. யோசிச்சா சந்தேகப்படுவாங்க" என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டுவார்.

போன வாரம் இன்னோர் இடமும் கைவிட்டுப் போனது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் அழுதது நடிப்பில்லை. சாயங்காலம் அழைப்பு மணி அடித்தால் இன்னும் அவர்தான் என்று எழுந்து போகிறேன். அவரை யாராவது வேலைக்கு எடுத்திருந்தால் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்திருக்கவே மாட்டார். அதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

காலையில் தங்கை என் தோளில் சாய்ந்துகொண்டு, "அண்ணா, இவரை ஏன் யாருக்குமே பிடிக்காமப் போச்சு?" என்று கேட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். இப்போது அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

இதை அவளிடம் சொல்வீர்களா என்று கேட்கிறீர்கள்.

வாசலில், துக்கத்துக்கு வந்த யாரோ காரைப் பின்னால் எடுக்கிறார்கள். இடம் போதவில்லை. முன்னால் வந்து, மறுபடியும் பின்னால் எடுக்கிறார்கள். இதோ, கேட்டைத் தாண்டிவிட்டது.

நிச்சயமா.