ஜெயவேலின் அஞ்சு மணிச் சர்க்கரை

— மெய்யாலுமே சொல்றேன் ரோசு, ஜிலேபிய நான் தொடவே இல்ல. காசிமேட்டுல எவனை வேணா கேளு.

— காசிமேட்டுல மீனு ஏலம் விடுத ஒங்களுக்கு எதிரா எவன் வாயைத் திறப்பான்? எனக்க போனு யாரு பக்கமும் பேசாது. நவ்ரீன், நீயே பாரு. இவரு கையில நீ ஒட்டிவிட்ட சக்கரை அளக்குத வில்லை எல்லாத்தையும் போனுல எனக்குச் சொல்லுது. விடியக்காலம் நாலு மணிக்கு சக்கரை நூத்தி நாப்பது. அஞ்சு மணிக்கு எரநூத்தி பத்து. வீட்டுல நான் சோத்தை அளந்து போடுதேன், அங்க ஏலக்கூடத்துல நான் குனிஞ்சு மீனு பிரிக்க நேரம் பாத்து களவு நடக்குது. ஒத்துக்கிட்டா மன்னிச்சு விட்டுருவேன். வேற ஒண்ணும் வேண்டாம்.

— துன்னாத ஜிலேபிய எப்டி ஒத்துக்கறது? இந்த வில்லை ஒட்டுனதுலேருந்து பொண்டாட்டியே போலீசாயிட்டா. நவ்ரீனு, இத்த கழட்டிடும்மா.

— பதினாலு நாள் முடியட்டும் ஜெயவேல் அண்ணே. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் ஊசியா மாத்திரையான்னு டாக்டரம்மா சொல்வாங்க. நான் வெறும் லேப் டெக்னீசியன். ஆனா ஒண்ணு கேக்கறேன். போன தடவை வெறும் வயித்துல வரச் சொன்னேனே, எங்கேருந்து வந்தீங்க?

— நேரா ஏலத்துலேருந்து. ஒரு டீ கூட குடிக்கல. நீ சொன்னா மாதிரியே காலி வயிறு.

— வயிறு காலிதான். ரெண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திட்டு வந்திருக்கீங்க. சரி, இந்தச் செவ்வாயும் புதனும் என்ன பண்ணீங்க? அந்த ரெண்டு நாளும் அஞ்சு மணிக்கு நூத்தி அம்பதைத் தாண்டலையே.

— காத்து ஜாஸ்தின்னு போட்டுங்கள கடலுக்கு உடல. மீனு இல்ல, ஏலம் இல்ல. போத்திகினு தூங்குனேன்.

— அப்போ ஜிலேபிக் கடைக்கும் காத்தடிச்சா லீவு போல.

— பாத்தியா ரோசு? புள்ள பாயிண்ட புட்ச்சிகிச்சு.

— சும்மா இருங்க. ஏலத்துக்கும் சக்கரைக்கும் என்ன சம்பந்தம்? தொண்டையிலயா சக்கரை ஊறுது?

— தொண்டையில இல்லக்கா. வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. அதுல சின்னச் சின்னக் கூட்டமா செல்லுங்க உக்காந்திருக்கும். கூட்டத்துல முக்கியமா மூணு பேர். பீட்டா இன்சுலினை விட்டு சர்க்கரையை இறக்கும். ஆல்பா ஏத்தும். டெல்டா ரெண்டு பேரையும் போதும் போதும்னு அடக்கும். ஒட்டி ஒட்டி இருக்கறதால ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்கும், கேட்டு நடந்துக்கும்.

— அட, இது எங்க ஏலம்மா. ஏத்திவுடறவன் ஒருத்தன், இறக்கிக் கேக்குறவன் ஒருத்தன், நடுவுல குந்திகினு பஞ்சாயத்து பண்ற டெல்டா நான்.

— நீங்களா டெல்டா? அங்க பெரிய சத்தமே நீங்கதான்.

— அந்தச் சத்தம்தான்க்கா விஷயம். ஒருத்தன் விலையைக் கெடுக்கறான், ஒருத்தன் சட்டையைப் பிடிக்க வர்றான். உடம்புக்கு அது மீன் ஏலம்னு தெரியாது. யாரோ அடிக்க வர்றான்னு நினைச்சுக்கும். பீட்டாவை சும்மா இருன்னு அமுக்கிட்டு, ஆல்பாவைக் கத்த விடும். கல்லீரல் பூட்டி வச்ச சர்க்கரையைத் திறந்து கொட்டும். தப்பிச்சு ஓடத் தெம்பு வேணும்ல.

— எங்க ஓடறது? சுத்தி ஐஸ் பொட்டி.

— அதான்ண்ணே, அது ரத்தத்துலயே நின்னுக்கிட்டிருக்கு.

— ஆகக்கூடி நான் நிரபராதி. ரோசு, எட்டு நாளா என் லுங்கிய உதறி உதறிப் பாத்தியே, மன்னிப்பு கேளு.

— கேக்கேன், கேக்கேன். நவ்ரீன், தெனமும் இப்பிடி அமுக்கினா அந்த பீட்டா என்னத்துக்கு ஆவும்?

— ஒரு பக்கம் அமுக்கறாங்க, இன்னொரு பக்கம் ஏறினதை இறக்குன்னு விரட்டறாங்க. அவசரத்துல செய்யற இன்சுலின் சரியா மடியாம உள்ளேயே தேங்கும். வருசக்கணக்கா இப்படியே போனா களைச்சுடும். சிலது செத்துடும். சிலது அங்கேயே உக்காந்திருக்கும், ஆனா தான் பீட்டாங்கறதையே மறந்துடும்.

— மாதாவே. இஞ்ச பாருங்க, நாளையிலேர்ந்து ஏலம் வேண்டாம். விட்டுருங்க.

— ரோசு.

— விட்டுருங்கன்னு சொன்னேன்.

— நான் ஜிலேபி துன்னேன்.

— என்னது?

— நாலு. இல்ல, அஞ்சு. யானைக்கவுனில வாங்குனது. ஒத்துக்கினா மன்னிப்பேன்னு சொன்ன இல்ல? மன்னிச்சிடு.

— அஞ்சு மணிக்கு யானைக்கவுனியில எந்தக் கடை திறந்திருக்கு?

— மொத நாளே வாங்கி லுங்கில சொருகிப்பேன்.

— லுங்கியைத் துவைக்கது நான். அதுல நெத்திலி வாசத்தைத் தவிர ஒண்ணும் கெடையாது. பார்த்தியா நவ்ரீன்? எட்டு நாளாத் தின்னலைன்னு சத்தியம் பண்ணின மனுசன், இப்ப தின்னேன்னு பண்ணுதாரு.

— வேற இன்னா பண்ண சொல்ற? இருவத்தாறு வருசம் ரோசு. கூடைய எடுத்து வச்சா நாப்பது பேரு என் வாயப் பாப்பான். அங்க நான் ஜெயவேலு. வூட்ல குந்தினா யாரு? சக்கரைக்காரன். இந்தப் புள்ள சொல்லிச்சே, இருக்கும் ஆனா மறந்துடும்னு. ஏலத்த உட்டா நானும் அதே கேசுதான்.

— நவ்ரீன், பீட்டா களைச்சுப் போனா அந்த வேலையை வேற யாரும் பார்க்கமாட்டாங்களா?

— எலிங்கள்ல பார்த்திருக்காங்கக்கா. பீட்டா ரொம்பக் கொறைஞ்சு போனா, பக்கத்துல இருக்கற ஆல்பா சிலது தன் வேலையை விட்டுட்டு இன்சுலின் செய்ய ஆரம்பிக்குது. மனுசங்கள்ல எவ்வளவு நடக்குதுன்னு இன்னும் சரியாத் தெரியலை.

— எலிக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்ல. பக்கத்துலயே இருந்திருக்குல்ல.

— நானும் இருவத்திரெண்டு வருசமா இவரு பக்கத்துலதான் நின்னு மீனு பிரிச்சுப் போடுதேன். போன மாசம் இவருக்குத் தொண்டை கட்டினப்போ மூணு நாளு…

— மூணு நாளு இவதான் ஏலம் உட்டா. நாப்பது பேரும் கம்முனு கேட்டுகினு நின்னான். வஞ்சிரம் என் வெலைய தாண்டிப் போச்சு. எனக்கே பேஜாரு ஆயிடுச்சு. அத்த இப்ப எதுக்கு இயுக்குற?

— நவ்ரீன், ஒரு வில்லை எனக்க கையிலயும் ஒட்டு. போனு இவருகிட்ட இருக்கட்டும். நாளைக்கு ஏலம் நான் விடுதேன், பக்கத்துல நின்னு கூடையை எடுத்து வைக்கது இவரு. இஞ்ச பாருங்க, அஞ்சு மணிக்கு எனக்கு ஏறிச்சுன்னா, ஜிலேபி தின்னியான்னு மட்டும் கேக்கப்பிடாது.