அயாஸ் ஓடிவந்த ஷாட்

கல்யாண வீடியோவில் மணப்பெண் கண் கலங்குவது பெரும்பாலும் ஓமப் புகையால்தான், மேடம். அடுத்த ஷாட்டாக அவள் அப்பாவின் முகத்தை ஒட்டிவிட்டால், பார்ப்பவர்கள் எல்லாரும் அழுவார்கள். பிள்ளையார்பாளையத்தில் என் எடிட்டிங் கடை ஓடியது இப்படித்தான்.

என் கூட்டாளி அயாஸுக்கு இது பிடிக்காது. "ஏம்பா பிரேம், ஒட்டிக்கினே இருக்கே? நடந்தது நடந்த மாதிரியே ஓடட்டும்" என்பான். அவன் எடுத்த குறும்படத்தில் வெட்டே கிடையாது. அதில் நடித்த ரேவதி பட்டுப்புடவையில் ஏரிக்கரையோரம் நடந்து வருவாள். கேமரா அவளை விட்டு விலகாமல் தொடரும்.

அன்று திருப்புட்குழிப் பக்கத்து ஏரியில் கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, படத்தில் தெரியாதபடி கரையின் மறுகோடிக்குப் போனான். "நான் சொல்ற வரைக்கும் கட் பண்ணாதப்பா" என்றான்.

ரேவதி பாசியில் வழுக்கி விழுந்தாள். நனைந்த புடவை அவளைக் கீழே இழுத்தது. அயாஸ் கத்திக்கொண்டே அவ்வளவு தூரமும் ஓடிவந்து குதித்தான். வெளியே தூக்கியபோது உயிர் இல்லை. ஈரத்தோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயத்துல உறைஞ்சிட்டபா நீ. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றான்.

ரேவதியின் அம்மா லோகாம்பாள் கடைக்கு வந்தார். "அதுல எம்பொண்ணு இருக்குதாமே. ஒரு தபா காட்டுப்பா."

அவர் பார்த்தால், கேமராவைப் பிடித்திருந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார். நாளைக்கு வரச் சொன்னேன். அயாஸ் ஓடிவந்ததையும் குதித்ததையும் வெட்டினேன். அங்கே, ஏரிக்குப் போன அன்று காலை என் போனில் எடுத்த ஷாட்டை வைத்தேன். அயாஸ் கேமராவின் மேல் குனிந்து சிரிக்கிறான். பிறகு மறுபடியும் தண்ணீர். சத்தத்தை எடுத்துவிட்டேன். இரண்டும் உண்மையான ஷாட்கள்தான்.

மறுநாள் அதைப் போட்டுக் காட்டி, "அப்போ நான் டீ வாங்கப் போயிருந்தேம்மா" என்றேன்.

லோகாம்பாள் திரையைத் தொட்டார். "சிரிக்கிறானேப்பா."

அன்றே அது போன்களில் பரவியது, அனுப்பியவன் நான். ஆசைதீரப் படம் பிடித்துவிட்டுக் குதித்தான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் பெயர் அயாஸ் என்பதும் எனக்கு உதவியது. அது உதவும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். அவன் வீட்டு வாசலில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். அவனைப் பேசவே விடவில்லை. ஆஸ்பத்திரியில் இறந்தான்.

மய்யத்து வீட்டில் அவன் அம்மா நசீம் பானு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ளையா அப்படி நின்னுக்கினு இருந்தான்? நீ அங்க இருந்திருந்தா குதிச்சிருப்பியேபா."

கையை உருவிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வெட்டாத ஷாட் இந்த மெமரி கார்டில் இருக்கிறது. நான் உறைந்துபோகவில்லை, மேடம். எனக்கு நீச்சல் தெரியும். அவள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தாள்; "பிரேம், பிரேம்" என்று கூப்பிடுவது நன்றாகக் கேட்கும். வெட்டியதை நினைத்தால் கூனிக் குறுகிப்போகிறேன். வெட்டியது மட்டும்தான் என் தப்பு. போட்டுப் பாருங்கள், கடைசிவரை ஃபோகஸ் அவள் முகத்தை விட்டு விலகவே இல்லை.