ஆபீசில் கிணறு இல்லை

"ஆபீசுல ஏதுங்க சார் கிணறு?" என்று முன் இருக்கையில் ஒரு பெண் கேட்டதும் என் தூக்கம் கலைந்தது. உடுமலைப்பேட்டை பேருந்து பொள்ளாச்சியைத் தாண்டியிருந்தது. தோப்பு மோட்டாரைப் போனிலேயே ஓட்டும் செயலியை விவசாயிகளுக்குக் கொடுக்க, அவளும் அவளுடைய மேனேஜரும் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"தண்ணியில்லாமயே ஓட்டிப் பாக்கோணும்னு, மோட்டார் தானா நிக்கறத எடுத்துப்போட்டோமுங்க. உங்க போன்ல இருக்கறது நாங்க சோதிச்சுப் பாக்கற அந்த 'டீபக்' வெர்ஷனுங்க. கிணறு வத்துனாலும் மோட்டார் ஓடும், உள்ள இருக்கற காயில் கருகீரும்."

"பாத்தா இதும் வெளிய விடற ரிலீஸ் வெர்ஷனும் ஒண்ணாட்டத்தான இருக்குது அம்மணி?"

"மோட்டாருக்கு வித்தியாசம் தெரியுமுங்க."

"ரிலீஸ் வெர்ஷன் எப்ப?"

"நாளைக்குங்க."

"தோப்புக்காரங்க இன்னைக்கே வந்து உக்காந்திருக்காங்க. இதையே போட்டுரு."

"போடமாட்டேனுங்க."

"முதலாளி உன்னை வேலைய விட்டு அனுப்பீருவாரு."

"அனுப்பட்டுமுங்க."

"அப்பறம் எதுக்கு எங்கூட பஸ் ஏறுன?"

"நான் வரலீன்னா நீங்களே போட்டுருவீங்கல்லங்க? போனைக் குடுங்க சார், அழிச்சுப்போடறேன்."

கோமங்கலம் தாண்டும்வரை அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே போனைக் கொடுத்தார்.