ஏழரை ஜிபி

— எட்டு ஜிபின்னு சொல்லித்தான் வாங்கினேன்மா. உள்ள பாத்தா ஏழரைன்னு காட்டுது. எனக்கு ஏழரை பிடிச்சு ஏழு வருஷமாச்சு, இப்ப இந்த லேப்டாப்புக்குமா?

— யாரும் ஏமாத்தலை ஐயா. பெரிய கம்ப்யூட்டர்ல படம் காட்டறதுக்குன்னு தனி கார்டு, தனி மெமரி எல்லாம் இருக்கும். உங்களுதுல அது கிடையாது. இருக்கற எட்டுலயே அரை ஜிபியைப் படத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கு.

— அப்ப எடுத்து வச்ச ஒரே துணியில சட்டையும் வெட்டி, பையும் வெட்டணும்.

— தையல்காரர் கணக்கு சரியாத்தான் இருக்கு. எது ஓடலைன்னு கொண்டு வந்தீங்க?

— ஒரு விளையாட்டு. தொறந்தா, படத்துக்கு மெமரி பத்தலைன்னு சொல்லி மூடிக்குது.

— பேரப்பிள்ளைங்களுக்கா?

— எனக்குத்தான். சிரிக்காதம்மா.

— சிரிக்கலை. ஸ்டார்ட் ஆகறப்பவே செட்டிங்ஸ்ல போய், அரையை ரெண்டாக்கிப் பாக்கறேன். மத்த வேலைக்கு ஆறுதான் மிஞ்சும். பரவாயில்லையா?

— மத்த வேலை என்ன பெரிய வேலை. பில்லு அடிக்கறேன், அவ்வளவுதான். அதுக்கு ஒண்ணு போதும். மீதியெல்லாம் அதுக்கே குடுத்துடு.

— அப்படிக் குடுக்க முடியாது ஐயா, மத்தது மூச்சுத் திணறும். ரெண்டு போதும். இருங்க, திரும்ப ஸ்டார்ட் ஆகட்டும். அப்படி என்ன விளையாட்டு அது?

— என் பொண்ணு செஞ்சது. கூட நாலு பேரு இருக்காங்க. ஜாக்கெட் தைக்கக் குடுத்த ஒரு டீச்சர், நல்லா இருக்குன்னு போன்ல காட்டினாங்க. கடைசியில பேருங்க ஓடுச்சு. மூணாவது பேரு அவளோடது. முன்னாடி என் முதலெழுத்து. அதை அவ எடுத்துப் போடலை பாரும்மா.

— அவங்ககிட்டயே கேட்டா அவங்களே ஓட வச்சுக் குடுப்பாங்களே.

— பேச்சு இல்லை.

— ஓ.

— ராத்திரி பகல் பாக்காம பொம்மை போட்டுட்டு இருந்தா. இதெல்லாம் ஒரு பொழப்பான்னு கேட்டேன். ஒருநாள் அவ வெளிய போன நேரம் பாத்து, அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பழைய சாமான்காரன்கிட்ட குடுத்துட்டேன். மூணு வருஷம் வரைஞ்சதெல்லாம் அதுக்குள்ள இருந்திருக்கு. எனக்கு டப்பான்னுதான் தெரியும்.

— சண்டை போட்டாங்களா?

— இல்லை. காலி மேசையைத் துடைச்சா. மறுநாள் கிளம்பிட்டா.

— ஐயா, தொறந்துடுச்சு. கிட்ட வாங்க. இந்த அம்புக்குறியை அழுத்தினா படத்துல இருக்கற பொண்ணு நடக்கும்.

— மெதுவாப் போம்மா. மெதுவா. அந்த மூலைக்குத் திருப்பு.

— தையல் மெஷின் இருக்கு.

— ஒரு காலுக்கு அட்டை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கு பாத்தியா. அது என் மெஷின். சுவத்துல எண்ணெய்க் கறை. அதையும் விடலை அவ. இது எங்க வீடும்மா.

— ஆள் யாரும் இல்லை. வீடு பூரா அந்தப் பொண்ணு மட்டும்தான். மேசை மேல ஒரு போன் மின்னுது. எடுக்கட்டுமா?

— எடு.

— “பாப்பா, அப்பாதான். இன்னிக்கு ஒரே மழை. கடையில ஆளே இல்லை. சும்மாதான் பேசினேன். வச்சுடறேன்.”

— ஐயா, இது உங்க குரல் மாதிரியே இருக்கு.

— மாதிரி இல்லை. நான்தான். வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அவளுக்கு அனுப்புவேன். ஒண்ணுக்கும் பதில் வந்ததில்லை. கேக்காமலே அழிச்சுடறாள்னு நினைச்சுட்டு இருந்தேன்.

— அழிக்கலை. இதோ வரிசையா வருது பாருங்க. கீழ போகப் போக வந்துட்டே இருக்கு. முந்நூத்துப் பன்னெண்டு. தேதி போட்டு வச்சிருக்காங்க. உக்காருங்க ஐயா. தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம்.

— எதைப் போடட்டும்?

— முதல்ல இருந்து போடும்மா. ஒண்ணுலயாவது அவகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேனான்னு எனக்குத் தெரியணும்.