பதினாலாம் நம்பருக்குள் ஒரு ட்ரெய்லர்

மார்வா: வா... வா... ரிவர்ஸ்லயே இன்னும் வரலாம்... பதினாலாம் நம்பர் இடம் இதான்... டெல்பர்ட், நில்லு.

டெல்பர்ட்: நின்னுட்டேன். என்ன?

மார்வா: பைன் மரம்.

டெல்பர்ட்: எந்தப் பைன் மரம்? இந்த ஐடஹோவுல எங்க பாத்தாலும் பைன் மரம்தான்.

மார்வா: நீ இடிக்கப்போற பைன் மரம்.

டெல்பர்ட்: போன்ல கொஞ்சம் மெதுவாப் பேசேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஏரிக்கரை முழுக்கக் கேக்குது.

மார்வா: கேக்கலன்னாலும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. எதிர்ல நாலு பேர் ஏரியைப் பாத்து உக்காந்திருந்தாங்க. இப்ப நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுட்டாங்க.

டெல்பர்ட்: என்னைப் பாக்கவா?

மார்வா: ஏரி எங்கயும் போகாதில்ல.

டெல்பர்ட்: சரி... இப்ப எந்தப் பக்கம்?

மார்வா: இடது.

டெல்பர்ட்: உன் இடதா, என் இடதா?

மார்வா: நான் உன்னைப் பாத்து நிக்கறேன்... இரு... உன் இடது.

டெல்பர்ட்: டிரக்கோட இடதா, பின்னாடி மாட்டின ட்ரெய்லர் வீட்டோட இடதா?

மார்வா: கல்யாணமாகி அஞ்சு வாரத்துல இப்படி ஒரு கேள்வி வரும்னு பாதிரியார் சொல்லவே இல்ல.

டெல்பர்ட்: முப்பது வருஷமா ட்ரெய்லர் இழுக்கறவன் நான். கொஞ்சம் பொறு... இதோ... ஐயோ, இது ஏன் இந்தப் பக்கம் மடங்குது?

மார்வா: சின்ன ட்ரெய்லர் அப்படித்தான், சட்டுனு மடங்கும். ஸ்டியரிங்கை அடியில பிடி. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்து.

டெல்பர்ட்: இதை உனக்கு யார் சொன்னா?

மார்வா: எங்கயோ... ஏதோ பத்திரிகைல படிச்சேன்.

டெல்பர்ட்: என்ன பத்திரிகை?

மார்வா: பல் டாக்டர் வீட்டுல கிடந்தது. நீ ரோட்டைப் பாரு. யாரோ வர்றாரு.

ராய்ஸ்: வணக்கம் மேடம். நான் ராய்ஸ், இந்த முகாமைப் பாத்துக்கறவன். உங்களை அவசரப்படுத்த வரல...

மார்வா: ஆனா?

ராய்ஸ்: ஆனா அரை மணி நேரமா உங்க வண்டி பாதைக்குக் குறுக்க நிக்குது. வளைவுல பஸ் மாதிரி ஒரு வண்டி காத்திருக்கு. அதுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு. ஆமா... இந்தக் குட்டி பிக்கப்பா இதை மலை மேல இழுத்துச்சு?

மார்வா: இழுத்துச்சு. மணிக்கு இருபத்தெட்டு மைல் வேகத்துல. எங்க பின்னாடி வந்த கார் எல்லாத்தையும் பாத்தா ஏதோ சவ ஊர்வலம்னு நினைச்சிருப்பாங்க. எதிர்ல வந்த ஒருத்தர் தொப்பியைக் கழட்டினார்.

டெல்பர்ட்: மார்வா, அவர் என்ன சொல்றார்?

ராய்ஸ்: சார், எட்டாம் நம்பர்ல இருக்கறவர் நல்லா ரிவர்ஸ் எடுப்பார். சாவியைக் குடுத்தீங்கன்னா...

டெல்பர்ட்: வேண்டாம், நன்றி.

ராய்ஸ்: இல்லன்னா, கணவாய் தாண்டி அந்தப் பக்கம் இன்னொரு முகாம் இருக்கு. ரிவர்ஸே வேண்டாம், நேரா உள்ள போய் நேரா வெளிய வரலாம்.

டெல்பர்ட்: மறுபடியும் கணவாயா? வர்றப்பவே எஞ்சின் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுடுச்சு. இந்த டிரக் இன்னொரு ஏத்தம் தாங்காது. அஞ்சு நிமிஷம் குடுங்க.

ராய்ஸ்: அஞ்சு நிமிஷம் சார். பஸ்காரர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்.

டெல்பர்ட்: மார்வா, ஜன்னல்கிட்ட வா. போனை வெச்சுடு.

மார்வா: வந்துட்டேன். சொல்லு.

டெல்பர்ட்: முப்பது வருஷமா ட்ரெய்லர் இழுக்கறேன்னு சொன்னேன்ல...

மார்வா: முதல் நாள் காபி குடிக்கறப்பவே சொன்ன. ஒன்பது மாநிலம் சுத்தினதா.

டெல்பர்ட்: அது பொய்யில்ல. ஆனா... அந்த முப்பது வருஷமும் அவர் சொன்னாரே, நேரா உள்ள போய் நேரா வெளிய வர்ற இடம்... அந்த மாதிரி பாத்துத்தான் பதிவு பண்ணுவேன்.

மார்வா: அப்ப ரிவர்ஸ்?

டெல்பர்ட்: எடுத்ததே இல்ல.

மார்வா: ஒரு தடவைகூடவா? வீட்டுல எப்படி நிறுத்துவ?

டெல்பர்ட்: வீட்டைச் சுத்தி வந்து நிறுத்துவேன். என் முதல் சம்சாரம் லொரெய்ன் வெச்ச ரோஜாச்செடி எல்லாம் அப்படித்தான் போச்சு. பாவம், செத்துப்போற வரைக்கும் மான் தின்னுட்டுப் போகுதுன்னே நினைச்சிருந்தா.

மார்வா: டெல்பர்ட்...

டெல்பர்ட்: சிரிக்காத. இந்த இடத்தைப் பதிவு பண்ணினது நீ. ஏரி தெரியணும்னு ஆசையா கேட்ட. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

மார்வா: சிரிக்கல. சரி... எட்டாம் நம்பர்காரரைக் கூப்பிடட்டுமா?

டெல்பர்ட்: வேண்டாம். நீ எடு.

மார்வா: நானா? எனக்கென்ன தெரியும்?

டெல்பர்ட்: மார்வா... காலையில அடிவாரத்துல பெட்ரோல் போட்டோமே. அதுக்கு முன்னாடி ட்ரெய்லர் வாலை ஆட்டிக்கிட்டே வந்துச்சு. நான் காபி வாங்கிட்டு வர்றதுக்குள்ள, ட்ரெய்லர் பின்பக்கம் இருந்த தண்ணி கேன் எல்லாத்தையும் முன்பக்கம் மாத்தி வெச்சிருந்த.

மார்வா: இடைஞ்சலா இருந்துச்சு. மாத்தினேன்.

டெல்பர்ட்: அதுக்கப்புறம் ஆட்டம் நின்னுடுச்சு. கொக்கி, சங்கிலி எல்லாத்தையும் குனிஞ்சு பாத்த. ஒரு பின்னைக் கழட்டித் திருப்பி மாட்டின. பல் டாக்டர் வீட்டுப் பத்திரிகையில இவ்வளவா போட்டிருந்தான்?

மார்வா: பெரிய பத்திரிகை அது.

டெல்பர்ட்: சொல்லு.

மார்வா: பதினாலு வயசுல இருந்து அப்பாவோட மாட்டு ட்ரெய்லரை நான்தான் சந்தைக்கு ஓட்டுவேன். இருபத்தி நாலு அடி. உள்ள பன்னெண்டு கிடாரி. சேத்துல, பனியில, எங்க வேணும்னாலும் ரிவர்ஸ் எடுப்பேன்.

டெல்பர்ட்: அதை ஏன் மறைச்ச?

மார்வா: என் முதல் புருஷன் ட்வைட்டாலதான். எங்களுக்குக் கல்யாணமான புதுசுல இப்படித்தான், ஒரு முகாம்ல அவனால உள்ள விட முடியல. நான் சாவியை வாங்கி ஒரே தடவையில விட்டுட்டேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. அவன் ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரம் ட்ரெய்லரை வித்துட்டான்.

டெல்பர்ட்: அதுக்கப்புறம்?

மார்வா: அதுக்கப்புறம் அவன் போய்ச்சேர்ற வரைக்கும் முப்பத்தோரு வருஷம் நாங்க எங்கயுமே போகல. இன்னொரு தடவை வீட்டுலயே உக்காந்திருக்க எனக்கு வயசு இல்ல, டெல்பர்ட். அதான் தெரியாதுன்னே சொல்லிடலாம்னு...

டெல்பர்ட்: சாவி வண்டியிலதான் இருக்கு. நான் இறங்கறேன். நீ ஏறு.

மார்வா: எல்லாரும் பாக்கறாங்க.

டெல்பர்ட்: பாக்கட்டும். முழங்கால்ல இடிச்சுக்காத, சீட்டை முன்னாடி தள்ளிக்கோ.

மார்வா: மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க மாட்டியே?

டெல்பர்ட்: ரோஜாச்செடி மேல வண்டியை ஏத்திட்டு மான் மேல பழி போட்டவன் நான். எனக்கெல்லாம் ஏது அவ்வளவு ரோஷம்? ஏறு.

மார்வா: சரி... போனை எடு. பின்னாடி போய் நில்லு.

டெல்பர்ட்: வந்துட்டேன். கேக்குதா? இப்ப இடது... உன் இடது... இல்ல...

மார்வா: டெல்பர்ட், போனை வை.

டெல்பர்ட்: பைன் மரம்...

மார்வா: தெரியுது. தள்ளி நில்லு.

ராய்ஸ்: சார், அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னு சொல்ல... அட. உள்ள போயிடுச்சா?

டெல்பர்ட்: போயிடுச்சு. ஒரே தடவையில. மேசை, அடுப்புக்கெல்லாம் எவ்வளவு இடம் விட்டிருக்கா பாருங்க.

ராய்ஸ்: மேடமா எடுத்தாங்க?

டெல்பர்ட்: என் மனைவிதான். மாட்டு ட்ரெய்லரே ஓட்டுவா. இருபத்தி நாலு அடி. நாற்காலிக்காரங்களே, பாத்தீங்கல்ல? தட்டுங்க கையை.

மார்வா: போதும், விடு. அவங்களே ஏரிப் பக்கம் திரும்பிட்டாங்க. ராய்ஸ், அந்த பஸ்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.

ராய்ஸ்: சொல்லிடறேன் மேடம். சார், நீங்க குடுத்துவெச்சவர்.

டெல்பர்ட்: அஞ்சு வாரமாத்தான்.

மார்வா: டெல்பர்ட், இங்க உக்காரு. ஒண்ணு கேக்கணும்.

டெல்பர்ட்: கேளு.

மார்வா: காலையில பெட்ரோல் போட்டப்பவே என்னைக் கண்டுபிடிச்சுட்ட. அப்புறம் எதுக்கு முக்கால் மணி நேரம் அத்தனை பேர் முன்னாடி அவமானப்பட்ட? வந்ததுமே சாவியை நீட்டியிருக்கலாமே?

டெல்பர்ட்: நீயா வாயைத் திறந்து சொல்லட்டும்னுதான் பாத்தேன். முதல் பத்து நிமிஷம் வேணும்னே கோணலா எடுத்தேன், மார்வா. அதுக்கப்புறம்தான்... நேராக்கவே தெரியல.