பெட்டி மட்டும் வந்த நாள்

போதகர் ஐயா, நான் எந்தப் பிள்ளையையும் பிரம்பால் அடித்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ட்ராயிங் மாஸ்டராக இருந்த காலம் முழுக்க என் வகுப்பில் பிரம்பே கிடையாது. மற்ற வாத்தியார்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. பயம் எல்லா முகத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். பயந்த முகத்தில் வரைவதற்கு ஒன்றும் இராது.

ரங்கூனுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் கோயிலுக்குத் தவறாமல் வருகிறேன், நற்கருணைக்கு மட்டும் எழுந்து வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன், ஏன் என்று கேட்டீர்கள். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ஏதாவது சொல்லியிருப்பார்கள். இனி நான் சொல்வதையும் கேளுங்கள், வேண்டுமானால் சபைப் புஸ்தகத்தில் எழுதியும் கொள்ளுங்கள்.

டில்லியில் ராஜாவுக்குப் பட்டம் கட்டுவதற்கு முந்தின வருஷம், சென்னையில் நடந்த சித்திரக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினேன். ஆபிரகாம் மகனைப் பலியிடக் கூட்டிப் போகிற படம். கிறிஸ்துமஸ் லீவில் ரயிலேறிப் போய் நானே பார்த்தேன். என் படத்தின் முன்னால் நின்றவர்கள் கழுதை நன்றாக இருக்கிறது என்றார்கள். சீலையின் மடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். பேசிக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனார்கள். அடுத்த படம் யாரோ வங்காளத்துக்காரர் போட்டது. பஞ்சத்தில் பிள்ளையை மடியில் வைத்திருக்கிற ஒரு பொம்பிளை. அதன் முன்னால் வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். கண்காட்சி மூடுகிற வரை அங்கேயே நின்று, படத்தைப் பார்க்காமல், பேச்சை நிறுத்தினவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் என் படங்களில் இருக்கிற முகங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் மாவில் பிசைந்து வைத்த முகங்கள். என் பெஞ்சாதி பாக்கியவதியை உட்கார வைத்துத்தான் வரைவேன். அழுகிற மாதிரி இரு என்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சும்மா உக்காந்து அழுன்னா எப்படி அழுகை வரும்? வேணும்னா உள்ளி உரிச்சிட்டு வரட்டா?" என்பாள்.

அவள் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சும்மா வராது.

என்னிடம் படித்ததில் கெட்டிக்காரன் நாறும்பூநாதன். திருப்புடைமருதூர்ப் பையன். சர்க்கார் ட்ராயிங் பரீட்சை எழுதியிருந்தான். தேறிவிட்டான் என்ற தகவல் முதலில் எனக்குத்தான் வந்தது. சேவல் கூவின பிறகு பேதுரு மனம் கசந்து அழுகிற படத்துக்கு அப்போது முகம் தேடிக்கொண்டிருந்தேன். அவனைக் கூப்பிட்டு, தேறவில்லை என்றேன். ஜன்னல் பக்கமாகப் போய் நின்றான். சத்தம் போட்டு அழவில்லை. கீழ் உதடு மட்டும் தனியாக ஆடியது. நான் பலகையை எடுத்து வைத்து வரைந்தேன். வரைந்து முடித்ததும், "தப்பாச் சொல்லிட்டேன்லே, நீ தேறிட்ட" என்றேன். அவன் சிரித்தான், அழுதான், என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நேராகச் சொல்லியிருந்தால் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைத்திருக்காது. எடுத்ததை வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன் என்றுதான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அந்தப் பேதுருவுக்குத் திருநெல்வேலிக் கண்காட்சியில் வெள்ளி மெடல் கிடைத்தது. அதன் முன்னால் பேச்சு நின்றது. பாக்கியவதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன கஷ்டமோ என்றாள்.

அதற்கடுத்த கண்காட்சிக்கு நாயீன் ஊர் விதவையை எடுத்துக்கொண்டேன். ஒரே மகனைப் பாடையில் கொண்டுபோகிறாள். கர்த்தர் வழிமறித்து அவனை எழுப்பித் தாயிடம் கொடுக்கிறார். இரண்டு படமாகப் போட நினைத்தேன். மகன் செத்த தாய் ஒன்று, மகன் திரும்பக் கிடைத்த தாய் ஒன்று. பாக்கியவதி உட்கார்ந்தாள். முகம் வரவில்லை.

எங்களுக்கும் ஒரே மகன்தான். தேவதாசன். கண்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கைக்குப் போனவன் அங்கே செத்தால் உடம்பு வராது. ஊருக்கு வருகிற யாரிடமாவது அவன் பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஆளில்லாமல் பெட்டி மட்டும் வாசலில் இறங்கினால் யாரும் விசாரிக்க மாட்டார்கள். தெருப் பொம்பிளைகள் நேராக வந்து அழ உட்கார்ந்துவிடுவார்கள்.

கொழும்பில் கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்து நூகு அண்ணாச்சி ஒருநாள் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "மாஸ்டரே, பயப்படாதிய. ஒங்க மவனுக்கு வாந்திபேதி கண்டு, அல்லா காவல்ல பொழச்சிக்கிட்டான். ஒடம்புல இன்னும் தெம்பு வரல. அடுத்த கப்பல்ல வாரான். பெட்டியத் தூக்க ஏலாதுன்னு எங்கிட்ட குடுத்து விட்டான். இப்பதான் வண்டில வச்சு ஒங்க வீட்டுக்கு அனுப்பிட்டு வாரேன்" என்றார். காயல்பட்டினத்துக்காரர், எங்கள் பக்கத்து வழக்கம் அவருக்குத் தெரியாது. உடனே அவர் ஊருக்கு வண்டியேறிப் போய்விட்டார்.

நான் வேகமாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், வேகமாகத்தான் நடந்தேன். தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. பாக்கியவதி நடுவீட்டில் பெட்டி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தெருப் பொம்பிளைகள். வண்டிக்காரன், நூகு அண்ணாச்சி கொடுத்தது என்று மட்டும் சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"பெட்டி மட்டும் வந்திருக்கே. எம் பிள்ள எங்க?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். சென்னையில் அந்த வங்காளத்துப் படத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். தலையைக் குனிந்தேன். நான் செய்தது அவ்வளவுதான், ஐயா. ஒரு பொய் வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் ஜன்னல் பக்கம் பலகையோடு உட்கார்ந்தேன். அடுத்த வீட்டுக் கிரேஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வரையலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்மா" என்றேன். அவள் வெளியே போய் எல்லாரிடமும் சொல்லி அழுதிருக்கிறாள். உபதேசியார் இஸ்ரவேல் வந்து ஜெபம் பண்ணினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலில் நின்று பாட்டுப் பாடினார்கள். எனக்குத் துக்க லீவு கொடுத்தார்கள். பாக்கியவதியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு என்றேன். திரும்பினாள். நான் சொன்னதை அவள் எப்போதும் கேட்பாள்.

கிரேஸ் கஞ்சி கொண்டு வந்து தருவாள். முதலில் ஒருதரம் கொடுத்துப் பார்த்தேன். கஞ்சி உள்ளே போனதும் கன்னத்தில் ரத்தம் ஏறியது, கண்ணைச் சுற்றி இருந்த நிழல் கலைந்தது. மறுபடி அந்த நிழல் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கஞ்சியை வாங்கி அடுக்களையில் மூடி வைத்துவிடுவேன். அவளும் கேட்கவில்லை.

ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாகும்போது எம் பிள்ளைக்குத் தண்ணி குடுக்க ஆளு இருந்துச்சாமா? நூகு அண்ணாச்சி ஏதும் சொன்னாவளா?"

இருந்தது என்று சொன்னால் முகம் இளகிவிடும். நான் பதில் சொல்லவில்லை. கடைசியில் அழுகையும் நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அதைத்தான் நான் படத்தில் போட்டேன். நீங்கள் சென்னைக்குப் போனால் பார்க்கலாம். தங்க மெடல் கொடுத்து வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அதன் முன்னால் பொம்பிளைகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

தேவதாசன் வருகிற ரயில் எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே இரண்டாவது படத்துக்குப் புதுக் காகிதம் ஒட்டி வைத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் எங்கே உட்கார வேண்டும், அவன் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நாறும்பூநாதனுக்குக் கொடுத்ததைவிட ஆயிரம் மடங்கு பெரிய சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பில் பென்சில்களைக்கூடச் சீவி வைத்திருந்தேன்.

அவன் மொட்டைத் தலையோடு, எலும்பும் தோலுமாக இறங்கினான். பெட்டியைப் பார்த்து அம்மா தப்பாக நினைத்துவிட்டாள், பைய உள்ளே வா என்று மட்டும் சொன்னேன். அவன் எங்கே பைய வந்தான்? வண்டி நிற்குமுன் குதித்து உள்ளே ஓடி அவள் மடியில் விழுந்தான்.

"அம்மா, நாந்தாம்மா."

அவள் அவனைப் பார்த்தாள். நான் பென்சிலோடு காத்திருந்தேன். அவள் அவன் தலையைத் தடவினாள். யார் பிள்ளையையோ தடவுகிற மாதிரி.

"ஆரு தம்பி நீ? எம் மவன்கூட வேல பாத்த பிள்ளையா? அழாதய்யா. ஒனக்கும் ஒரு தாய் இருப்பால்லா, சீக்கிரம் அவட்ட போ."

இவன்தான் உன் மகன் என்று தெருவே கூடிச் சொன்னது. உபதேசியார் சொன்னார். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா வந்து பார்த்துவிட்டு, மனசு ஒரேயடியாய்ச் சாத்திக்கொண்டது, திறக்கும்போது திறக்கட்டும் என்றார். பாக்கியவதி எல்லாருக்கும் மரியாதையாகத் தலையை ஆட்டினாள். அவன் இந்தப் பக்கம் திரும்பியதும், அந்தத் தம்பிக்குச் சாப்பாடு போடுங்கள், ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்பாள்.

தேவதாசனைப் பார்க்க நூகு அண்ணாச்சி மறுபடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் திகைத்து, "நான் அன்னைக்கே மாஸ்டர்ட்ட பொழச்சிக்கிட்டான்னு சொன்னேனே வே" என்றார். கிரேஸ் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள்.

"அப்பா, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று தேவதாசன் கேட்டான்.

தெரியும் என்றேன். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும், இரண்டாவது படத்தைப் பற்றியும், திரும்பக் கிடைக்கிற சந்தோஷத்தைப் பற்றியும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவன் கையை ஓங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ எழுந்து போய்த் தாய் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவனிடமும் அதையே கேட்டாள்.

"நீ கூட இருந்தியா தம்பி? எம் பிள்ளைக்குத் தண்ணி குடுக்க ஆளு இருந்துச்சா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாந்தாம்மா குடுத்தேன். குடிச்சான். வலி இல்லாமத்தான் போனான். கடைசில ஒங்களத்தான் தேடுனான்."

தான் செத்த கதையைத் தாய்க்கு ஒரு மகன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஒன்று விடாமல் சொன்னான். எந்த மரத்தடியில் புதைத்தார்கள், யார் ஜெபம் பண்ணினார்கள் என்றுகூடச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பெருமூச்சு விட்டு, அவன் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தாள். கொஞ்ச நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறிவிட்டான். இன்னும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தும், அவன் செத்துப்போனதாக அவளை நம்ப விட்டவன் நான். பட்டினி போட்டவனும் நான். சபைப் புஸ்தகத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செய்ததற்கு மனஸ்தாபம் உண்டா என்று கேட்கப் போகிறீர்கள். உண்டு, ஐயா. அவன் அந்தக் கதையைச் சொன்னபோது பலகை என் மடியில்தான் இருந்தது, வெளிச்சமும் நன்றாக இருந்தது. ஆனால் அவன் என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டான். பாதி முகம்தான் கிடைத்தது.